கொப்பளிப்பு வேட்டின் பிறப்பிடம் வானொலி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பிதழில், அறிவியல் புனைகதைகளில் வரும் கற்பனை உணவுகளையும் பானங்களையும் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். இப்படியொரு பொருளுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று முழுப்பக்கம் ஒதுக்கியதற்காக முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் அதில் முதலிடம் பெற்றிருந்த 'பான் கேலக்டிக் கார்கிள் பிளாஸ்டர்' (நான் தமிழில் கொப்பளிப்பு வேட்டு என்பேன்) என்னும் கற்பனைக் காக்டெய்லைக் குறித்த பத்தியில், அது 2005-ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படத்துக்குரிய பானம் என்றும், ஜின்னோடு நீல நிற மதுவும் சோடாவும் கலந்தால் வீட்டிலேயே அதைச் செய்துவிடலாம் என்றும், அதன் செய்முறையில் வரும் விண்மீன்கள் எல்லாமே கற்பனை என்றும் எழுதப்பட்டிருந்தது. நாற்பது ஆண்டுகளாக அந்தப் பானம் வரும் நூலைத் திரும்பத் திரும்பப் படித்துவரும் எனக்கு, இந்த மூன்றையும் திருத்தக் கோராமல் இருக்க மனம் வரவில்லை.

இந்தப் பானம் இடம்பெறும், டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு தி கேலக்ஸி' என்னும் நகைச்சுவை அறிவியல் புனைகதை பிறந்த இடம் வானொலி. பிபிசி ரேடியோ 4-இல் 1978 மார்ச் 8, புதன்கிழமை இரவு பத்தரை மணிக்கு அதன் முதல் பகுதி ஒலிபரப்பாயிற்று. நாவல் வந்தது 1979 அக்டோபரில். தொலைக்காட்சித் தொடர் 1981-இல். திரைப்படம் வெளிவந்தபோது ஆடம்ஸ் மறைந்து ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆண்டுகளைச் சரிபார்ப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. காதால் மட்டும் கேட்பவர்களுக்காக எழுதப்பட்டது என்பதை அறியாமல் இந்தப் பானத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து. இதைக் கண்டுபிடித்தவனாகச் சொல்லப்படும் சாஃபோட் பீபிள்பிராக்ஸுக்கு இரண்டு தலைகள், மூன்று கைகள். வானொலியில் இரண்டாவது தலைக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது. தொலைக்காட்சிக்கு வந்தபோது இயந்திரத்தால் ஒரு தலை செய்து நடிகரின் தோளில் பொருத்த வேண்டியதாயிற்று. பானத்துக்கும் இதே நிலைதான். கோப்பையில் ஊற்றிக் காட்டிய உடனே அது வெறும் வண்ண நீராகிவிடுகிறது.

செய்முறையைக் கவனித்துப் படித்தால் இது விளங்கும். ஓல் ஜாங்ஸ் ஸ்பிரிட் ஒரு புட்டியில் தொடங்கி, சான்ட்ராகைனஸ் 5 என்னும் கோளின் கடல்நீரை ஓர் அளவு ஊற்றச் சொல்லும்போதே, குறிப்பு எழுதுபவர் செய்முறையை மறந்து அந்தக் கடலையும் அதன் மீன்களையும் நினைத்து ஏங்கத் தொடங்கிவிடுகிறார். அடுத்து, ஆர்க்டூரஸ் மெகா ஜின்னின் மூன்று கட்டிகளை அதில் கரைக்க வேண்டும். பின்னர் ஃபாலியா சதுப்பு வாயு நான்கு லிட்டரை அதனூடே குமிழியிடச் செய்ய வேண்டும். அந்தச் சதுப்பு நிலங்களில் இன்ப மிகுதியால் இறந்துபோன ஊர்சுற்றிகளின் நினைவாக என்று அதற்கு ஒரு காரணமும் சொல்லப்படுகிறது. வெள்ளிக் கரண்டியின் முதுகில் புதினாச் சாறு வழிந்து மிதக்கிறது. ஆல்கோல் சூரியப்புலியின் பல் ஒன்று உள்ளே விழுந்து கரைகிறது. கடைசியில் ஓர் ஆலிவ் காய். நான்கு லிட்டர், மூன்று கட்டி, ஓர் அளவு என்று சமையற்குறிப்புக்குரிய துல்லியம் ஒரு வரியில் இருக்க, அடுத்த வரியிலேயே இரங்கற்பா போன்ற ஒரு குரல் எழுகிறது. இந்த இரண்டும் மாறி மாறி வருவதில்தான் சுவை இருக்கிறது. ஜின்னிலும் சோடாவிலும் அது எப்படி இறங்கும்?

அதன் விளைவைச் சொல்லும் புகழ்பெற்ற உவமையைக் கட்டுரையாளர் 'தங்கக் கட்டியால் மண்டையில் அடித்தது போல' என்று தந்திருக்கிறார். மூலத்தில் மூளையைச் சிதறடிப்பது ஓர் எலுமிச்சைத் துண்டு. பெரிய தங்கச் செங்கல் ஒன்றைச் சுற்றிக் கட்டிய எலுமிச்சைத் துண்டு. கோப்பையின் விளிம்பில் அழகுக்காகச் செருகும் அந்த மெல்லிய துண்டை விட்டுவிட்டால் எஞ்சுவது ஒரு சாதாரண அடிதடி. பெயரின் தமிழாக்கத்திலும் ஒரு குறை. கட்டுரையில் உள்ள 'அண்டவெளிக் காக்டெய்ல்' என்பதில், 'கார்கிள்' என்னும் சொல் தரும், தொண்டையில் நீரை நிறுத்திக் கொப்பளிக்கும் அந்தக் களகள ஓசை முற்றிலும் காணாமல் போய்விட்டது. 'அனைத்தண்டக் கொப்பளிப்பு வேட்டு' என்று எழுதியிருந்தால் காதுக்காவது மூலத்துக்கு நெருக்கமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி விண்மீன்களுக்கு வருகிறேன். ஆர்க்டூரஸ் நம் பஞ்சாங்கத்தில் உள்ள சுவாதி நட்சத்திரமேதான். சுமார் 37 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள இந்தச் செம்மஞ்சள் விண்மீனைச் சித்திரை, வைகாசி இரவுகளில் எந்தக் கருவியும் இல்லாமல் பார்க்கலாம். சுவாதியில் விழும் மழைத்துளி சிப்பிக்குள் முத்தாகும் என்று நம் முன்னோர் சொல்லிவந்த அதே விண்மீன் மெகா ஜின்னுக்கும் ஊராக அமைந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. ஆல்கோலும் உண்மையான விண்மீன்தான். ஏறக்குறைய 2 நாள் 20 மணி 49 நிமிடங்களுக்கு ஒருமுறை அது மங்கி மீள்வதை வெறுங்கண்ணால் காணலாம். ஒன்றையொன்று சுற்றும் இரு விண்மீன்களில் மங்கலானது பிரகாசமானதை மறைப்பதே அதற்குக் காரணம், மூன்றாவது விண்மீன் ஒன்றும் அவற்றுடன் உண்டு. புலிப்பல் கரையும்போது ஆல்கோலின் 'சூரியன்களின்' நெருப்பு பானத்தில் பரவுவதாக ஆடம்ஸ் பன்மையில் எழுதியது வானியலுக்கும் பொருந்துகிறது.

மதுவும் விண்வெளியில் இல்லாமல் இல்லை. நம் பால்வீதியின் மையத்துக்கு அருகில் உள்ள சஜிடேரியஸ் பி2 என்னும் வாயு மேகத்தில், மதுவில் உள்ள ஆல்கஹாலான எத்தனால் இருப்பதை 1975-இல் வானியலாளர்கள் கண்டறிந்தார்கள். அதைக் காட்டிக்கொடுத்ததும் ரேடியோ அலைகள்தான். லவ்ஜாய் வால்விண்மீன் மிகவும் தீவிரமாக இருந்தபோது, குறைந்தது 500 புட்டி ஒயினில் உள்ள அளவு ஆல்கஹாலை ஒவ்வொரு நொடியும் வெளியேற்றியதாக 2015-இல் அறிவிக்கப்பட்டது. கட்டுரையில் இவற்றுக்கு இரண்டு வரி கிடைத்திருந்தால் மாணவ வாசகர்களுக்கு எவ்வளவு பயனாக இருந்திருக்கும்!

இதே கட்டுரையைக் குறித்து, குடும்பத்தினர் படிக்கும் நாளிதழில் மது வகைகளை விவரிக்கலாமா என்று வாசகர் ஒருவர் இப்பகுதியில் வருந்தியிருந்தார். வீட்டுச் செய்முறையைப் பொறுத்தவரை அவர் வருத்தத்தில் நானும் பங்கு கொள்கிறேன். மூலநூலைப் பொறுத்தவரை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கதைக்குள் வரும், அதே பெயர் கொண்ட கற்பனைக் கையேடு, பானம் எந்தெந்தக் கோளில் நன்றாகக் கிடைக்கும், விலை என்ன என்பதோடு, குடித்த பிறகு தேறி எழுவதற்கு எந்தத் தொண்டு அமைப்புகள் உதவும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. மிகவும் கவனமாகக் குடிக்கவும் என்று செய்முறையும் எச்சரித்தே முடிகிறது.

எனவே, பானம் 1978 வானொலித் தொடரில் பிறந்தது என்றும், ஆர்க்டூரஸும் ஆல்கோலும் உண்மை விண்மீன்கள் என்றும் ஒரு திருத்தக் குறிப்பு வெளியிடுமாறும், இணையப் பதிப்பிலிருந்து அந்த வீட்டுச் செய்முறையை நீக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வாரம் வரவிருப்பதாக அறிவித்துள்ள இரண்டாம் பகுதியில், ஒவ்வொரு பானமும் முதலில் நூலில் வந்ததா, ஒலிபரப்பில் வந்ததா, திரையில் வந்ததா என்பதை ஆண்டோடு குறிப்பிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருநெல்வேலி