அந்தப் புள்ளியை ஏன் மறைத்தீர்கள், லாவ்ஷி?

லாவ்ஷி,

உங்கள் ஓவியக் கண்காட்சியின் அழைப்பிதழ் வந்து சேர்ந்தது. அட்டையில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றதில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிட்டது. அடுத்த மாதம் வந்தால் நீங்கள் காலமாகி ஒரு வருடம். கண்காட்சிப் புத்தகத்துக்கு நான்கு வரி எழுதித் தரும்படி உங்கள் மகள் கேட்டிருந்தார். முடியாது என்று நேற்று இரவு பதில் அனுப்பிவிட்டேன். நல்ல லாவ்ஷி, அதாவது நல்ல ஆசிரியர், பொறுமையானவர் என்று நான்கு வரி எழுதிவிடலாம், அதில் பொய்யும் இல்லை. ஆனால் அட்டையில் அந்தப் படம் இருக்கும்போது அதை மட்டும் எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்களுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாத மொழியில் இதை எழுதுகிறேன். ஐந்து வருடம் உங்கள் சீன எழுத்துகளுக்கு முன்னால் நான் அப்படித்தான் நின்றேன்.

இதை நம் பழைய வகுப்புத் தோழர்கள் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படிக்கக்கூடும். உங்கள் வீட்டாரும் படிக்கலாம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் என்னிடம் ஒருநாளும் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. பணமும் கேட்டதில்லை. என் மனக்குறை வேறு. அது ஒரே ஒரு மாலையைப் பற்றியது.

சிங்கப்பூரில் ஜூ சியாட் பகுதியில் இருந்த உங்கள் கடைவீட்டு மாடிக்கு நான் முதலில் மை அரைக்கத்தான் வந்தேன். அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது, முதல் நாள் நீங்கள் என்னைச் சுவருக்கு எதிரே நிறுத்தி "மாத்தா பெர்கி மானா?" என்று கேட்டபோது என் முழங்கால் நடுங்கியது. கண் எங்கே போகிறது. நம் இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்தச் சந்தை மலாய்தான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பீர்கள், தெரியாதென்று சொல்லித் திட்டு வாங்குவேன் என்று பயந்திருந்தேன். நீங்களோ கண் எங்கே போகிறது என்றுதான் கேட்டீர்கள். நான் இடப்பக்கம் கீழே, தூரிகை காய்ந்து கோட்டுக்குள் தாளின் வெள்ளை கீற்றுக் கீற்றாகத் தெரியும் இடத்தைக் காட்டினேன். அதற்குப் 'பறக்கும் வெள்ளை' என்று பெயர் இருப்பது அன்று எனக்குத் தெரியாது. நீங்கள் சிரித்தீர்கள். கோப்பி வாங்கிக் கொடுத்தீர்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிய தாளை முதலில் பார்த்தது நான்தான். சீனம் படித்தவர்கள் முதலில் வாசித்துவிடுகிறார்கள், எந்தக் கோடு முதலில், எந்தக் கோடு அடுத்தது என்ற வரிசையிலேயே அவர்கள் கண் ஓடுகிறது, உன் கண்தான் கனம் எங்கே இருக்கிறதோ அங்கே போகிறது என்று சொன்னீர்கள். எனக்கு அது பெரிய பெருமை. பள்ளியில் எனக்குத் தமிழ் வகுப்பு, பக்கத்து இருக்கைக்காரிக்குச் சீன வகுப்பு. மணி அடித்தால் பிரிந்து போவோம். அந்தச் சுவரின் இந்தப் பக்கம் நின்றதற்காக வாழ்க்கையில் முதல்முறை யாரோ என்னைப் பாராட்டினார்கள்.

வந்து பார்த்த எழுத்துக் கலைஞர்கள் உங்களை விடவில்லை, இது எழுத்தே இல்லை என்றார்கள். மேல்நாட்டு அருவ ஓவியம் பழகியவர்கள் இது வெறும் எழுத்துதானே என்றார்கள். மையெழுத்துக்கான சுவான் தாளைக் கித்தானில் ஒட்டி, மேலே அக்ரிலிக்கை நீராகக் கரைத்து ஒன்பது பத்துத் தடவை ஓடவிட்டு, அந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நீங்கள் தனியாக நின்றதைப் பார்த்திருக்கிறேன். அப்போது உங்கள் பக்கத்தில் நின்றதற்கு இன்றும் எனக்கு வருத்தமில்லை.

சரி, அந்த மாலைக்கு வருகிறேன்.

2003. உங்கள் பிறந்தநாளுக்கு ஒரு பரிசு தர நினைத்தேன். ஒன்பது மாதமாகச் செவ்வாய்க்கிழமை மாலைகளில் சமூக மன்றத்தில் சீனம் படித்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அலுவலகம் முடிந்து பசியோடு உட்கார்ந்து, கட்டம் போட்ட நோட்டில் ஓர் எழுத்தை இருபது தடவை எழுதுவேன். நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் இல்லை.

நீங்கள் ஆறடித் தாளைத் தொங்கவிட்டீர்கள். ஆட்டுமுடித் தூரிகையில் ஒரே மூச்சில் போட்டது, மை இன்னும் முழுதாகக் காயவில்லை. வெளியே மழை. "மாத்தா பெர்கி மானா?" என்றீர்கள்.

என் கண் எங்கும் போகவில்லை, வாய்தான் போனது. "ஷு" என்றேன்.

நீங்கள் படித்த காலத்து ஷுவுக்குப் பத்துக் கோடு. சமூக மன்றத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த எளிய ஷுவுக்கு நான்கே கோடு. ஆனால் அந்த நான்கு கோட்டு வடிவம் பழைய ஓடெழுத்திலிருந்து, அதாவது கோடுகளைச் சேர்த்து வேகமாக எழுதும் முறையிலிருந்து, எடுத்ததுதான். அதனால் உங்கள் வேகக் கையெழுத்தில் அதைக் கண்டுபிடிப்பது எனக்குக் கஷ்டமாக இல்லை. வலப்பக்கம் மேலே தனியாக ஒரு புள்ளி நின்றது. அந்தப் புள்ளியை வைத்துத்தான் சொன்னேன். ஷு என்றால் புத்தகம், எழுதுவது, கடிதம், எல்லாம்தான் என்று பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தேன். கைதட்டுவீர்கள் என்று நினைத்தேன்.

உங்கள் முகம் ஆறிப்போன கோப்பி மாதிரி ஆனது. "தெரிந்துவிட்டதா" என்று மட்டும் கேட்டீர்கள். தாளைக் கழற்றினீர்கள். சுருட்டவில்லை, நான்காக மடித்தீர்கள். சுவான் தாளை மடிக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு இல்லை என்றீர்கள். அதற்கடுத்த சனியும் இல்லை. மூன்றாவது வாரம் கூப்பிடாமலே வந்தேன். நான் நிற்கும் இடத்தில் வேறொருவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் சீனம் தெரியாது. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் இறங்கிப் போய்விட்டேன்.

இத்தனை வருடம் கழித்துக் கேட்கிறேன். நான் உங்கள் மாணவியா, அளவுகோலா? அளவுகோலில் எண்கள் தெரிய ஆரம்பித்ததும் தூக்கிப் போட்டீர்களா? சீனக் கலைஞர் சூ பிங் நாலாயிரம் எழுத்துகளைச் செதுக்கினாரே, எந்தச் சீனருக்கும் வாசிக்க வராத எழுத்துகள். அதன் முன்னால் பேராசிரியரும் நானும் ஒன்று. அவர் கதவை எல்லோருக்கும் சேர்த்து மூடினார். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. நிஜமான எழுத்தை எழுதிவிட்டு, அதை வாசிக்காமல் இருக்கும் வேலையை மட்டும் எனக்குக் கொடுத்தீர்கள். வாசிக்கத் தெரிந்துகொண்டது குற்றமா?

இப்படிக் கேட்டுவிட்டேனே என்று இப்போது கை கூசுகிறது. உங்களுக்கு ஒரு கண் தேவைப்பட்டது. அதை நான்தான் கெடுத்தேன், அன்பினால் கெடுத்தேன். முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். ஒருமுறை கற்றதை மறக்க வழியில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த மாலைக்குப் பிறகு உங்கள் எந்தப் படத்தையும் என்னால் வெறும் கறுப்பாகப் பார்க்க முடியவில்லை. எல்லாம் சொற்களாகிவிட்டன. நட்டம் எனக்கும்தான், லாவ்ஷி.

2011ல் உங்கள் மனைவி இறந்தபோது நான் வரவில்லை. மகன் கைக்குழந்தை, காய்ச்சல் வேறு. இது உண்மைதான், ஆனால் முழு உண்மையில்லை. கீழ்த்தளத்தில் துக்கத்துக்கு வருபவர்களுக்காகக் கூடாரம் போட்டிருந்த இடம்வரை வந்தேன். உங்கள் மாணவர்கள் மேசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ என்று திரும்பி எம்ஆர்டி ரயில் ஏறிவிட்டேன். சீனாவில் பிறந்த ஓவியர் சாவ் வூ-கியின் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள். 1948ல் பாரிஸுக்குப் போனவர், சீனத்தனம் என்று சொல்லிவிடுவார்களே என்று பல வருடம் மையைத் தள்ளியே வைத்திருந்தார், மனைவி மேய் நோயில் கிடந்தபோதுதான் மைக்குத் திரும்பினார், 1972ல் மேய் இறந்ததும் அந்தப் பெரிய ஓவியத்தைத் தீட்டி இறந்த தேதியையே அதன் தலைப்பில் வைத்தார். அதைச் சொல்லும்போதெல்லாம் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பீர்கள். அதைப் பார்த்திருந்த நானே வராமல் போனேன். மன்னித்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா தெரியவில்லை. கேட்கிறேன்.

ராஃபிள்ஸ் சிட்டி கட்டடத்தில் தொங்கிய சாவ் வூ-கியின் பத்து மீட்டர் ஓவியத்தின் முன்னால் என்னை நிறுத்திவிட்டு நீங்கள் பேசாமல் நின்றது ஞாபகம் இருக்கிறது. கட்டடத்தை வடிவமைத்த ஐ. எம். பெய் கேட்டு அவர் வரைந்து கொடுத்தது. அலுவலகத்துக்குப் போகிறவர்கள் நம்மைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். 2018ல் அது ஹாங்காங்கில் 51 கோடி ஹாங்காங் டாலருக்கு ஏலம் போன செய்தி வந்த அன்று உங்கள் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீங்களும் அந்தச் செய்தியைப் படித்திருப்பீர்கள். என்னை நினைத்திருப்பீர்களா? கூப்பிட்டிருக்கலாம், நானோ நீங்களோ. மூத்தவர் நீங்கள். நீங்களே கூப்பிட்டிருக்க வேண்டும்.

இப்போது அந்த அட்டை.

அதே தாள். மடித்த நான்கு மடிப்பும் சிலுவையாகத் தெரிகிறது, அதன் மேலேயே கித்தானில் ஒட்டியிருக்கிறீர்கள். தலைப்பு என்று எதுவும் இல்லை, சாவ் வூ-கி பழக்கப்படி தேதி மட்டும். 2003, உங்கள் பிறந்தநாள். அதாவது எறிந்துவிடவில்லை. முதலில் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் வலப்பக்கம் மேலே பார்த்தேன். புள்ளி இல்லை.

வெள்ளையால் மறைத்திருக்கிறீர்கள்.

அமெரிக்க அருவ ஓவியர் ஃபிரான்ஸ் கிளைனின் கறுப்பு வெள்ளைப் படங்களைப் புத்தகத்தில் காட்டி, இவர் வெள்ளை பூசிய வெள்ளை, கறுப்பின் மேல் ஏறி அதை வெட்டுகிற வெள்ளை, நம்முடையது தொடாமல் விட்ட வெள்ளை என்று எனக்குச் சொன்னவர் நீங்கள். சுவான் தாளில் திருத்தம் கிடையாது, பிசகினால் பிசகியதுதான் என்றும் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்து ஐந்து வருடத்தில் ஒரு கோட்டைக்கூட நீங்கள் மூடியதில்லை. அந்த ஒரு புள்ளியை மூடினீர்கள். ஷு திரும்ப வெறும் உருவமாக வேண்டும் என்றா? அல்லது நான் திரும்பி வந்து நின்றால் வாசிக்காமல் பார்க்கட்டும் என்றா? இரண்டில் எது என்று நினைத்துக்கொள்வது என்று இரண்டு நாளாக மாறி மாறி முடிவெடுக்கிறேன். காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று.

அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். வெள்ளைக்கு அடியில் சாம்பலாக ஏதோ இருப்பதுபோல் இருக்கிறது. அச்சுப் பிழையாகவும் இருக்கலாம்.

திறப்பு விழாவுக்கு வரமாட்டேன், உங்கள் மகள் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புதன்கிழமை காலை விடுப்பு எடுத்திருக்கிறேன். ஆள் இல்லாத நேரமாக வந்து, கிட்டே போய்ப் பார்க்கிறேன்.