வைக்கோல் நான் கொண்டு வருகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் வலது கணுக்காலில் பிளாஸ்ரருடன் வீட்டு விறாந்தையில் கிடக்கிறான். வெள்ளைக்காரரை எதிர்த்து நின்ற வன்னி அரசன் பண்டாரவன்னியனைப் பற்றிய குறும்படம் ஒன்றில் வாட்சண்டை போடப் போனவன். வாட்ஸ்அப்பில் வந்த ஜிம் படம் ஒன்றைப் பார்த்தே அவனைத் தெரிவுசெய்தார்களாம். ஓடவிட்டும் பார்க்கவில்லை, குதிக்கவிட்டும் பார்க்கவில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் உடற்கல்வி படிப்பித்தவன் நான். மனம் கேளாமல் போய் விசாரித்தேன். சட்டையில்லாத காட்சியாம், உடம்பு வெட்டு வெட்டாகத் தெரியவேண்டுமாம், முதல்நாள் பின்னேரம் தொடக்கம் தண்ணீர் குடிக்கவேண்டாம் என்றிருக்கிறார்கள். ஹொலிவூட்டில் அந்தக் கூத்து நடப்பது உண்மைதான். அங்கத்தைய நடிகர் ஹியூ ஜாக்மனே அதைச் சொல்லியிருக்கிறார். உடம்பைக் காட்டிவிட்டுப் போகிற காட்சிக்கே அது ஆபத்து. இவனையோ ஓகஸ்ட் வெயிலில், வறண்ட நாக்கோடு, குளக்கட்டிலிருந்து ஏழு தரம் குதிக்கவைத்திருக்கிறார்கள். ஆறு தரமும் நின்றவன் ஏழாம் தரம் கால் பிரண்டு விழுந்தான். கீழே வெறும் கிறவல். சிறுபோகம் வெட்டி வயலெல்லாம் வைக்கோல் கிடக்கிற நேரம் ஐயா இது!

எண்பதுகளின் தொடக்கத்தில் ஊர் மேடையில் நானும் இதே கதையில் நடித்தேன். எனக்குக் கிடைத்தது வெட்டுப்பட்டு விழும் வெள்ளைக்காரச் சிப்பாய். சாவதற்கே ஒரு மாதம் பழக்கினார் எங்கள் அண்ணாவியார். முதலில் குந்தியிருந்து வைக்கோலில் சரியவேண்டும். பிறகு நின்று. கடைசியாகத்தான் வாங்கிலிருந்து. "நாடியை நெஞ்சோட ஒட்டடா, கையை ஊண்டாதை, தோளாலை உருளு" என்று கத்துவார். கையூன்றியவனுக்குப் பூவரசந் தடி. என் மணிக்கட்டு இன்றைக்கும் நேராக இருப்பது அந்தத் தடியின் புண்ணியம்.

வன்னியன் வேடத்துக்கு ஆள் பிடித்த விதத்தையும் சொல்லவேண்டும். நந்திக்கடல் ஓர மணலில் எல்லோரையும் ஓடவிட்டார். ஓடி வந்த கையோடு வசனம் சொல்லவேண்டும். மூச்சிரைக்காமல் முழுவதும் சொன்னவன் நெல்மூட்டை தூக்குகிற ஒரு ஒல்லிப் பெடியன். வேடம் அவனுக்கே போனது. வடிவான முகக்காரன் மந்திரியானான். கோபித்துக்கொண்டு இரண்டு நாள் ஒத்திகைக்கு வரவில்லை.

பழகிய ஆட்களுக்கே இந்தத் தொழில் பொல்லாதது. 2025 ஜூலையில் நாகப்பட்டினத்துப் பக்கம் கார் கவிழும் காட்சியில் அனுபவமுள்ள சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கிழமைப் பயிற்சியாவது கொடுக்காமல் வாளைக் கையில் கொடுக்கலாமா? 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையை அடித்துப் பிடித்த மனிதனின் கதையை எடுக்க வருகிறவர்கள், பெடியனின் நெஞ்சுப் படத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு அவன் விழுந்து எழும்புவதைப் பாருங்கள். பத்தாவது தரமும் எழும்புகிறானா என்று பாருங்கள்.

வருகிற ஞாயிறு அதே குளக்கட்டில் வேறொரு பெடியனை வைத்து மிச்சத்தை எடுக்கப்போகிறார்களாம். உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு காலை ஆறு மணிக்கே நான் அங்கே நிற்பேன். ஒரு பரல் குடிதண்ணீரும் வரும்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
முள்ளியவளை.