அம்மாவின் குரலும் பெர்த்தில் கேட்ட பித்தளை ஓசையும்

மதுரை

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். அது உன் மனதை வருத்தியிருக்கும். அம்மா உயிரோடு இருந்தபோது வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்திகளைத் திரட்டிக் கொடுத்தால், அவள் ஒருநாளும் சொல்லாத சொற்களையும் அவள் குரலிலேயே பேசவைக்கும் மென்பொருள் வந்துவிட்டது, செய்யலாமா அப்பா என்று கேட்டாய். ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை சொல்ல எனக்கு வரவில்லை. நாம் இருவரும் சேர்ந்து பார்த்த ஒரு கலைப்படைப்பைப் பற்றிக்கொண்டுதான் என் மனம் இத்தனை நாளும் விடை தேடியது. ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன்.

2025 மே மாதம், பெர்த் ரயில் நிலையத்தை அடுத்துள்ள மேற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடத்துக்கு என்னை அழைத்துப் போனாய். இருண்ட அறை, சுவரெங்கும் வளைந்த பெரிய பித்தளைத் தகடுகள், மொத்தம் 20. எந்தக் கையும் படாமல் ஒரு தகடு ஒலிக்கும், சற்று நேரம் அமைதி, பிறகு எதிர்ப்புறத்தில் இன்னொன்று முனகும். நடுவில் இருந்த பீடத்தின் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தால், திரவத்தில் வெண்ணிறத் துணுக்குகள் தெரிந்தன. அவை 2021 டிசம்பரில் தமது 90ஆம் வயதில் இறந்துபோன அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியரின் இரத்தத்திலிருந்து வளர்க்கப்பட்ட மூளைத் திசு என்றும், அந்தத் திசுவில் எழும் மின்துடிப்புகளே தகடுகளுக்குப் பின்னாலிருந்த சிறு சுத்தியல்களை இயக்குகின்றன என்றும் நீ படித்துச் சொன்னாய். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, அப்படியென்றால் இது அவரா?” என்று கேட்டாய். அன்றும் நான் விடை சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பியபின் அந்த மனிதரைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். மூளையைக் கொண்டு இசை எழுப்பும் எண்ணம் அவருக்குக் கடைசிக் காலத்தில் வந்ததன்று. 1965ஆம் ஆண்டிலேயே, நெற்றியில் மின்முனைகளை ஒட்டிக்கொண்டு, கண்களை மூடி மேடையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். மனம் அடங்கிய நிலையில் மூளையில் எழும் ஆல்ஃபா அலைகள் நொடிக்கு 8 முதல் 12 துடிப்பு வரை உடையவை. நம் காதால் அவற்றைக் கேட்க முடியாது. அவற்றைப் பெருக்கி ஒலிபெருக்கிகளுக்குள் செலுத்தியபோது, அந்த அதிர்வில் பக்கத்தில் வைத்திருந்த முரசுகளும் தாளத்தட்டுகளும் தாமாக ஒலித்தன. ஒன்றும் செய்யாமல் இருந்தால்தான் இசை வரும். வாசிக்க வேண்டும் என்று நினைத்தால் நின்றுவிடும். இதைப் படித்தபோது நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு செய்தி உனக்கு மகிழ்ச்சி தரும். அவர் பல்லாண்டுகள் கற்பித்த அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழக இசைத்துறையில்தான் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பியர், புல்லாங்குழல் விசுவநாதனும் மிருதங்கம் ரங்கநாதனும், ஆசிரியர்களாக இருந்தார்கள். நம் ஊர் மிருதங்கத்தின் ஓசை அவர் காதில் விழாமல் இருந்திருக்காது என்று எண்ணிக்கொள்கிறேன்.

இரத்த வங்கியில் 28 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் அந்தப் படைப்பின் தொடக்கம் எனக்குக் கண்ணெதிரே நடப்பதுபோல் இருந்தது. இரத்தப் பையைச் சுழற்றி எடுத்தால் அடியில் சிவப்பணுக்கள் கெட்டியாகப் படிந்திருக்கும், மேலே பிளாஸ்மா வைக்கோல் நிறத்தில் நிற்கும், இரண்டுக்கும் நடுவே பாலாடை போல ஒரு மெல்லிய வெண்படலம் இருக்கும். ‘பஃபி கோட்’ என்போம். வெள்ளணுக்கள் அதில்தான் உள்ளன; பெரும்பாலும் அதை நாங்கள் குப்பைக்குத்தான் அனுப்புவோம். லூசியர் 2020ஆம் ஆண்டு, 89 வயதில், இரத்தம் கொடுத்தார். அந்த வெள்ளணுக்களை ஆய்வகத்தில் காலத்தில் பின்னோக்கி நடத்தி, கருவின் தொடக்க நிலையில் உள்ளவை போன்ற ஸ்டெம் செல்களாக மாற்றினார்கள். முதிர்ந்த செல்லைச் சில மரபணுக்களின் உதவியால் இப்படித் திருப்ப முடியும் என்று 2006ஆம் ஆண்டு எலியிலும், அடுத்த ஆண்டு மனிதச் செல்லிலும் காட்டியவர் ஜப்பானின் ஷின்யா யமனாக்கா. 2012இல் நோபல் பரிசு பெற்றார். அந்த ஸ்டெம் செல்களை மூளைத் திசுவாக வளரவிட்டு, நுண்ணிய மின்முனைகளின் மீது அமர்த்தினார்கள். கை பென்-ஆரி, நேதன் தாம்சன், மாட் கிங்கோல்ட் என்ற மூன்று கலைஞர்களும் ஸ்டூவர்ட் ஹாட்ஜெட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளரும் சேர்ந்து செய்த வேலை இது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இல்லையம்மா, அது அவரில்லை. அவருடைய மூளையிலிருந்து ஒரு செல்லைக்கூட அவர்கள் எடுக்கவில்லை. அந்தத் திசு, பிறக்காத சிசுவின் மூளை தொடக்கத்தில் இருக்கும் நிலையை ஒத்தது. 90 ஆண்டுகளில் அவர் கேட்ட ஒலியும், பழகிய முகங்களும், பெற்ற மகளும் அதற்குத் தெரியாது. அவரிடமிருந்து அதற்கு வந்தது மரபணு மட்டுமே. ஆனால் அந்த அறையின் ஒலியை ஒலிவாங்கிகள் வாங்கி, மின்துடிப்பாக்கி மறுபடியும் திசுவுக்கே அனுப்பிக்கொண்டிருந்தன. நம் காலடி ஓசையும், நீ என்னிடம் கேட்ட கேள்வியும் அதற்குள் போயிருக்கும். அது தனக்கென ஒரு வாழ்வை அங்கேதான் தொடங்கியது. அதை வைத்துக்கொண்டு அவருடைய பழைய பாணியில் ஒரு புதுப் பாட்டை உண்டாக்கி, ‘இதோ லூசியர் மீண்டு வந்துவிட்டார்’ என்று அந்தக் கலைஞர்கள் கடைவிரிக்கவில்லை. பொருளற்ற முனகலாகக் கேட்டாலும் கேட்கட்டும் என்று விட்டார்கள். நான் அந்தப் படைப்பை மதிப்பது இதனால்தான்.

இதே துறையில் நான் படித்தறிந்த வேறு சில படைப்புகள் என் மனதை இப்படித் தொடவில்லை. பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் 1991இல் ஒரு சுறாவை ஃபார்மலின் தொட்டியில் வைத்தார்; அது சிதைந்து போகவே 2006இல் வேறு சுறாவை மாற்றினார்கள். சாவைப் பாடம் செய்து வைக்கும் அந்த முயற்சி என்னை ஈர்க்கவில்லை. பெர்த்தில் உள்ள மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் சிம்பயாட்டிகா ஆய்வகத்தில் பிறந்த ஒரு சிறு சட்டை வேறு வகை. எலியின் செல்களால் வளர்ந்த அந்தச் சட்டை, 2008இல் நியூயார்க் கலைக்கூடம் ஒன்றில் காட்சிக்கு இருந்தபோது அளவு மீறி வளர்ந்ததால், ஊட்டத்தை நிறுத்தி அதைச் சாகவிட வேண்டியதாயிற்று. உயிரை வளர்ப்பவருக்கு அதை முடித்துவைக்கும் பொறுப்பும் வந்துசேர்கிறது என்பதை அந்தக் கலைக்கூடத்தார் நேரில் உணர்ந்திருப்பார்கள்.

லூசியர் விஷயத்தில் என்னை முழுமையாக இணங்கவைத்தது, அவரே கை நீட்டி இரத்தம் கொடுத்தார் என்பது. இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே அந்தக் கலைஞர்களோடு கலந்து பேசி, தம் உடலின் ஒரு பகுதி தமக்குப் பிறகு என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு கொடுத்தார்.

அம்மா போன அந்த விடியற்காலையை நினைத்துப் பார். நீ விமானத்தில் இருந்தாய். அழுவதற்கு முன் நான் செய்த முதல் வேலை, மின்விசிறியை நிறுத்தி, அவள் இமைகளை மூடி, ஈரப் பஞ்சை வைத்து, தலைக்கு இன்னொரு தலையணை கொடுத்தது. கண் வங்கிக்காரர்கள் ஆறு மணி நேரத்துக்குள் வந்தாக வேண்டும். வந்தார்கள், அரைமணி நேரத்தில் முடித்துவிட்டு, கைகூப்பிவிட்டுப் போனார்கள். அவளுடைய கருவிழிகள் யாருக்குப் பொருத்தப்பட்டன என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது. அந்தக் கண்கள் வழியே பார்ப்பவர் உன் அம்மா இல்லை. ஆனாலும் அது அவள் கொடுத்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் படிவத்தை வாங்கிவந்து, என்னைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னவளே அவள்தான்.

கண்ணுக்குக் கையெழுத்திட்டாள், தேன்மொழி. குரலுக்கு இடவில்லை. அந்த மென்பொருள் பேசும் சொற்களை அவள் சொல்லியிருப்பாளா என்று நம்மால் அவளிடம் கேட்க முடியாது. பேரன் அதைப் பாட்டி சொன்னதாகவே நம்பி வளர்வான். ஆகவே வேண்டாம் என்பது என் விருப்பம். மறுக்கும் உரிமை உனக்கு உண்டு, நீயும் அவள் பிள்ளைதான். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொல்.

லூசியரின் இன்னொரு படைப்பையும் கேட்டுப் பார், 1969இல் செய்தது. ஓர் அறையில் அமர்ந்து பேசிப் பதிவு செய்து, அதை அதே அறையில் ஒலிக்கவிட்டுத் திரும்பப் பதிவு செய்து, மறுபடி மறுபடி அப்படியே செய்துகொண்டு போகிறார். அவருக்குத் திக்குவாய் இருந்தது. முதலில் திக்கல் கரைகிறது, பிறகு சொற்கள் கரைகின்றன, கடைசியில் அந்த அறையின் ரீங்காரம் மட்டும் மிஞ்சுகிறது.

அதைக் கேட்ட பிறகுதான் அம்மாவின் பதிவுகளை நான் வேறு காதோடு கேட்கத் தொடங்கினேன். என்னிடம் உள்ள 41 பதிவுகளையும் வெட்டாமல், சுத்தம் செய்யாமல் அப்படியே உனக்கு அனுப்புகிறேன். ஏழாவதை மட்டும் இரவில், வீடு அடங்கியபின் கேள். பதினான்கு நொடிதான். ‘சாப்பிட்டியா கண்ணு’ என்று தொடங்குவாள். பின்னால் குக்கர் விசில் அடிக்கும், முற்றத்தில் வாளி நகரும், அவள் குரல் நம் கூடத்துச் சுவரில் பட்டுத் திரும்புவதும் லேசாகக் கேட்கும். கடைசியில் இருமுவது நான்.

அன்புடன்,
அப்பா