நாங்கள் சொல்லாததை எங்கள் பெயரில் எழுதாதீர்கள்: ஜவுளிக்கடை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். காரைக்குடிக் கிளையின் புடவைப் பிரிவிலிருந்து எழுதுகிறேன். கடையின் பெயரை இங்கே போடவில்லை, யாரையும் ஊர் நடுவில் நிறுத்துவது என் நோக்கமில்லை. பண்டிகை விற்பனைக்கு முன் நடந்த ஸ்டாஃப் மீட்டிங்கும், மறுநாள் காலை வாட்ஸ்அப் குழுவில் வந்த மினிட்ஸும் (கூட்டத்தில் பேசியதன் குறிப்பு), அதற்கு அப்புறம் நடந்ததும் உங்களுக்குத் தெரிந்தவைதான். நேரில் கேட்டோம், குழுவிலும் கேட்டோம். பதில் என்று ஒன்று வந்தது, ஆனால் அது நாங்கள் கேட்டதற்கான பதில் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

மினிட்ஸில் இப்படி ஒரு வரி இருந்தது: "பண்டிகைக் காலத்தில் இரவு 10 மணி வரை பணிபுரிய அனைத்து ஊழியர்களும் உற்சாகத்துடன் ஒப்புதல் அளித்தனர்." அந்த அறையில் அப்படி ஒருவரும் சொல்லவில்லை. எட்டு மணிக்கு மேல் பெண்கள் நிற்க வேண்டுமானால் வீட்டில் கொண்டுபோய் விட வேன் வேண்டும், வேன் இல்லையென்றால் முடியாது என்றுதான் சொன்னோம். பில்லிங்கில் இருக்கும் அக்கா சொன்னார், நான் சொன்னேன், பட்டுப் பிரிவுத் தம்பியும் எங்களுக்காகப் பேசினார். மினிட்ஸில் வேன் பற்றி ஒரு சொல் இல்லை. நாங்கள் வைத்த நிபந்தனையைக் காணோம், கொடுக்காத சம்மதம் மட்டும் ஏறியிருந்தது.

மேனேஜர் சார் போனை மேசையில் வைத்து ரெக்கார்ட் செய்ததையும், அதை ஏஐ செயலியில் போட்டுச் சுருக்கம் எடுத்ததையும் அவரே ஒளிக்காமல் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தலைமை அலுவலகம் எல்லாக் கிளைகளுக்கும் இப்படித்தான் செய்யச் சொல்லியிருக்கிறது. என் வருத்தம், அதை யாருமே படித்துப் பார்க்காமல் அனுப்பியதுதான்.

அந்த ஒரு வரி என்ன செய்தது என்று கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எங்கள் பிரிவில் ஒரு பெண் புதுவயலுக்கும் அப்பாலிருந்து வருகிறாள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறவள். அவள் ஊருக்குள் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க எட்டரைக்கெல்லாம் நிறுத்தத்தில் இருக்க வேண்டும். பத்து மணி ஷிப்ட் தொடங்கிய முதல் நாள், ஷட்டர் இறக்கி, பிரித்துப் போட்ட புடவைகளை மடித்து அடுக்கி வெளியே வரும்போது பத்தரை. ஆட்டோக்காரர் கேட்ட தொகை அவளுடைய அன்றைய கூலியில் பாதி. மெயின் ரோட்டில் இறங்கி, விளக்கில்லாத பாதையில் போனில் கணவனிடம் பேசிக்கொண்டே நடந்தாளாம். பின்னால் ஒரு பைக் வேகத்தைக் குறைத்துக் கொஞ்ச தூரம் கூடவே வந்திருக்கிறது. பிறகு போய்விட்டது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மறுநாள் அதைச் சொல்லும்போது அவள் கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

அன்று எட்டு மணிக்கே கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அடுத்த நாள் அவளுக்கு மெமோ வந்தது. "கூட்டத்தில் ஒப்புக்கொண்ட பணி நேரத்தை மறுத்தமைக்கு விளக்கம் தருக" என்று போட்டு, ஆதாரமாக அந்த மினிட்ஸையே இணைத்திருந்தீர்கள். எந்திரம் எழுதிய வரி அவளுக்கு எதிரான சாட்சியமாகிவிட்டது. இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை, ஐயா.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். எங்கள் பெயரில் பதிவாகிற எதையும், எங்களுக்கு அனுப்புகிற எதையும், விஷயம் தெரிந்த ஒரு மனிதர் படித்துச் சரிபார்த்து, தன் பெயரைப் போட்டு அனுப்ப வேண்டும்.

செயலி இப்படித் தப்பு செய்யுமா என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். செய்யும். பேச்சை எழுத்தாக்கும் ஓப்பன்ஏஐயின் விஸ்பரை கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மற்றவர்களும் சோதித்து, 2024இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 100 ஒலித்துண்டுகளில் ஒன்றில், யாருமே பேசாத சொற்றொடர்களையோ முழு வாக்கியங்களையோ அது தானாக எழுதியிருந்தது. பேசுகிறவர் இடையில் நிறுத்தி, மௌனமாக இருந்த பதிவுகளில் இது அதிகம். அது ஆங்கிலப் பேச்சில் நடந்த சோதனை. எங்கள் மீட்டிங் எப்படி நடந்தது? மேலே மின்விசிறி ஓடியது, நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினோம், சிவகங்கைச் சீமைப் பேச்சு, அதுவும் முதலாளி தரப்பின் முன்னால் தயங்கித் தயங்கி. இந்தச் செயலிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தைப் படித்து வளர்ந்தவை, தமிழ் அவற்றுக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து எழுதுவதுதான் அவற்றின் வேலை. கூட்டம் என்றால் கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள் என்று ஆயிரம் அறிக்கைகளில் பார்த்த பழக்கத்தில் எங்களையும் ஒப்புக்கொள்ள வைத்திருக்கலாம். அந்த அறையில் இருந்த யாராவது ஒருவர் ஒரு நிமிடம் படித்திருந்தால் அந்த வரி வெளியே வந்திருக்காது.

இதைவிட வேதனை, அப்புறம் வந்த பதில். "வேன் உண்டா, இல்லையா?" என்று குழுவில் கேட்டோம். மனிதவளப் பிரிவிலிருந்து ஐந்து பத்திகள் வந்தன. எங்கள் உணர்வுகளை ஆழமாக மதிக்கிறீர்களாம், எங்கள் பாதுகாப்பே உங்கள் முதன்மையான நோக்கமாம், நாம் அனைவரும் ஒரே குடும்பமாம். வேன் என்ற சொல் அதிலும் இல்லை. கீழே யார் பெயரும் இல்லை. "இல்லை, பட்ஜெட் இடம் தரவில்லை" என்று ஒரு வரி வந்திருந்தால் எங்களுக்குக் கோபம் வந்திருக்கும், ஆனால் பேச ஓர் ஆள் இருக்கிறார் என்றாவது தெரிந்திருக்கும்.

2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், வேறொரு பல்கலைக்கழகத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டை ஒட்டி மாணவர்களுக்கு ஓர் ஆறுதல் மடல் போனது. சாட்ஜிபிடி என்ற ஏஐ செயலியை வைத்து எழுதியது என்று அதன் அடியிலேயே குறிப்பு இருந்தது. மாணவர்கள் கொதித்துப் போனார்கள், பிறகு மடலை அனுப்பியவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அங்கே என்ன பயன்படுத்தினோம் என்றாவது சொன்னார்கள். இங்கே அதுவும் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்க அனுமதித்த தமிழ்நாடு அரசின் ஆணையே, இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைக்க அவர்களுடைய எழுத்துப்பூர்வமான சம்மதமும், தகுந்த பாதுகாப்பும் வேண்டும் என்கிறது. ஷிப்டில் வேலை பார்க்கும் பெண்களுக்குப் போக்குவரத்து ஏற்பாடும் செய்யச் சொல்கிறது. எங்களில் யாரும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. மினிட்ஸ் எங்கள் கையெழுத்து ஆகாது.

சட்டம் என்று வந்தபிறகு இன்னொன்றும். நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. எங்கள் தளத்துக்கு வந்த நாற்காலிகள் வாடிக்கையாளர்களுக்குத்தான் போதுமாக இருக்கின்றன. பண்டிகை நாளில் கால் வீங்கிப் போய் நிற்கிறோம். இதுவும் அந்த மீட்டிங்கில் பேசப்பட்டதுதான், இதுவும் மினிட்ஸில் இல்லை.

லீவு கேட்டு நாங்கள் அனுப்பும் விவரங்களும் இந்தச் செயலிகளுக்குப் போவதாகக் கேள்விப்படுகிறோம். கர்ப்பப்பை ஆபரேஷன், வீட்டுக்காரரின் குடிப்பழக்கம் என்று ஒரு பெண் மேனேஜரிடம் மட்டும் சொல்வதை, பதில் தயாரிக்க எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்கு அனுப்பலாமா? அரசுத் தகவல்களின் ரகசியத்துக்கு ஆபத்து என்று மத்திய நிதி அமைச்சகமே 2025 ஜனவரியில், அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்ற ஏஐ செயலிகளைத் தவிர்க்கச் சொன்னது. எங்கள் வீட்டு ரகசியமும் ரகசியம்தானே. தயவுசெய்து இதை உடனே நிறுத்துங்கள்.

ஏஐயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சூரத் வியாபாரிகளுக்கு இங்கிலீஷிலும் இந்தியிலும் மெயில் எழுத நம் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு அது உதவுகிறது, இருக்கட்டும். ஆனால் இந்த ஊரில் தொழில் எப்படி நடந்தது என்று உங்களுக்கும் தெரியும். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மூன்று வருடத் தவணையில் வேலைக்குப் போன ஏஜென்ட், செட்டிநாட்டில் இருக்கும் முதலாளிக்குக் கடிதம் எழுதுவார். ஐந்தொகையிலோ (வரவு செலவு, சொத்து, கடன் கணக்கு) கடிதத்திலோ பிழை இருந்தால் யாரைக் கேட்பது என்று முதலாளிக்குத் தெரியும். ஏஜென்டுக்கு அடுத்த நிலையில் இருந்த அடுத்தாள் முதல் கடைநிலைப் பெட்டியடிப் பையன் வரை அவரவர் எழுதியதற்கு அவரவர் பொறுப்பு. அந்தப் பொறுப்பைத்தான் கேட்கிறோம்.

ஆகவே நிர்வாகத்தைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அந்த மினிட்ஸைத் திரும்பப் பெறுங்கள். அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த மெமோவை ரத்து செய்து, அவள் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டதாக எழுத்தில் கொடுங்கள். வேன் உண்டா இல்லையா என்று சொல்லுங்கள். இனிமேல் எங்களைப் பற்றியும் எங்களுக்கும் எழுதுகிற எதுவானாலும், படித்துப் பார்த்த ஒருவரின் பெயரோடு வரட்டும்.

அடுத்த மீட்டிங்கைக் கடை திறக்கும் முன் காலை ஒன்பது மணிக்கு வையுங்கள், எல்லோரும் வந்துவிடுகிறோம். ரெக்கார்ட் செய்வதிலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. மினிட்ஸை முடிந்தவுடனே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். சரியாக இருந்தால் நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம், நீங்களும் போடுங்கள்.

இப்படிக்கு,
புடவை, பில்லிங், ரெடிமேட் பிரிவு ஊழியர்கள் சார்பாக,
புடவைப் பிரிவின் மூத்த விற்பனையாளர்,
காரைக்குடி