ஹெலிசிட்டி வேறு, கைராலிட்டி வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழின் அறிவியல் பக்கத்தில் வந்த நியூத்திரினோ என்ற மின்னேற்றமற்ற நுண்துணிக்கை பற்றிய கட்டுரையை, இங்கே திருகோணமலையில் என்னிடம் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் வெட்டி எடுத்து வந்திருந்தார்கள். கட்டுரையின் நடையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தப் பொருளைத் தமிழில் எழுதத் துணிபவர்களே குறைவு என்பதால் கட்டுரையாளரைப் பாராட்டவும் வேண்டும். ஆனால் ஹெலிசிட்டியும் கைராலிட்டியும் ஒன்றுதான் என்று அவர் போகிற போக்கில் எழுதிவிட்டார். "ஒன்றுதான் என்றால் எதற்கு சேர் இரண்டு பெயர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். கேள்வி நியாயமானது.

துணிக்கையின் தற்சுழற்சியையும் அது செல்லும் திசையையும் சேர்த்துச் சொல்வது ஹெலிசிட்டி. சுழற்சியின் அச்சும் பயணமும் ஒரே பக்கம் நோக்கினால் வலக்கை, எதிரெதிராக இருந்தால் இடக்கை. இதில் சிக்கல் என்னவென்றால், பயணத் திசை பார்ப்பவரைப் பொறுத்தது. கொட்டியாரக் குடாவில் ஓர் இயந்திரப் படகு போகிறது. அதன் பின்னால் நீருக்குள் விசிறி சுழல்கிறது. அதைவிட விரைவான படகில் நீங்கள் அதை முந்திச் செல்கிறீர்கள். உங்கள் கண்ணுக்கு அந்தப் படகு பின்னோக்கி நகர்கிறது, விசிறியோ முன்பு சுழன்ற பக்கமே சுழல்கிறது. திசை புரண்டது, சுழற்சி புரளவில்லை. ஆகவே ஹெலிசிட்டியும் புரண்டுவிட்டது. கரையில் நிற்பவருக்கு இடக்கை, உங்களுக்கு வலக்கை. இருவர் சொல்வதும் சரியே. திணிவே இல்லாத துணிக்கை ஒளியின் வேகத்தில் செல்வதால் அதை யாராலும் முந்த முடியாது. அங்கே மட்டும்தான் ஹெலிசிட்டியில் எல்லோருக்கும் ஒரே விடை கிடைக்கும்.

கைராலிட்டி என்பது துணிக்கைக்குள்ளேயே அமைந்த இடக்கை, வலக்கைத் தன்மை. அது அந்த விசிறியின் இதழ்கள் முறுக்கப்பட்டிருக்கும் விதத்தைப் போன்றது. படகு எந்தப் பக்கம் போனாலும், யார் எங்கிருந்து பார்த்தாலும் இடமுறுக்கு இடமுறுக்கே. ஆனால் படகு உதவுவது இவ்வளவுதான். திணிவுள்ள துணிக்கையில் இந்த முறுக்கே காலத்தோடு இடமும் வலமுமாக மாறிக்கொண்டிருக்கும். எந்த விசிறியும் அப்படிச் செய்யாது. 1928 இல் பௌதிகவியலாளர் டிராக் இலத்திரனுக்காக எழுதிய சமன்பாட்டில் இடக்கைப் பகுதியையும் வலக்கைப் பகுதியையும் இணைப்பது திணிவு உறுப்பு ஒன்றுதான். அதை நீக்கினால் இரண்டும் தனித்தனிச் சமன்பாடுகளாகப் பிரிந்துவிடும். ஆக, தடையின்றிச் செல்லும் துணிக்கையின் ஹெலிசிட்டி காலத்தோடு மாறாது, ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். கைராலிட்டி ஆளுக்கு ஆள் மாறாது, ஆனால் திணிவு இருந்தால் காலத்தோடு நிலைக்காது. கட்டுரை இந்த இரண்டு வரிகளைச் சொல்லியிருந்தாலே போதும், நான் எழுதியிருக்க மாட்டேன்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. அணுக்கரு இலத்திரனை வெளிவிடும் பீற்றாச் சிதைவை நடத்துவது மென்விசை என்ற அடிப்படை விசை. அது பார்ப்பது கைராலிட்டியை. துணிக்கைகளில் இடக்கைப் பகுதியோடும் அவற்றின் எதிர் இணைகளான எதிர்த்துணிக்கைகளில் வலக்கைப் பகுதியோடும் மட்டுமே அது வினைபுரியும். ஆய்வுகூடத்தில் அளக்கக் கிடைப்பதோ ஹெலிசிட்டி. 1958 இல் அமெரிக்காவின் புரூக்கேவன் ஆய்வுகூடத்தில் கோல்ட்ஹேபரும் குரோட்சின்சும் சன்யாரும் யூரோப்பியம் 152 என்ற கதிரியக்க அணுவைக் கொண்டு நியூத்திரினோ இடக்கை என்று காட்டினார்களே, அவர்கள் அளந்ததும் ஹெலிசிட்டியைத்தான். பீற்றாச் சிதைவில் ஒளியின் பாதி வேகத்தில் வெளிவரும் இலத்திரன்களை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாமே இடக்கைக் கைராலிட்டியில் பிறந்தவை. அளந்து பார்த்தால் 75 சதவீதம் இடக்கை ஹெலிசிட்டி, 25 சதவீதம் வலக்கை. இரண்டும் ஒன்றானால் இந்த 25 எங்கிருந்து வந்தது?

இதைவிட நல்ல சாட்சி பையோன் என்ற குறுகிய ஆயுள் துணிக்கை. நேரேற்றப் பையோன் பொதுவாக, இலத்திரன் இனத்தின் கனத்த எதிர்த்துணிக்கையான நேரேற்ற மியூவோனாகவும் நியூத்திரினோவாகவும் சிதைகிறது. மிக அரிதாக, இலத்திரனின் எதிர்த்துணிக்கையான பொசித்திரனும் நியூத்திரினோவும் வரும். ஆற்றல் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் இலேசான பொசித்திரனுக்குத்தான் வாய்ப்பு அதிகம். நடப்பது நேர்மாறு: 10,000 சிதைவுகளில் ஏறத்தாழ ஒன்றுதான் பொசித்திரனைத் தரும். அந்த ஒன்று 1958 வரை எவர் கண்ணிலும் படாமல் இருந்து, அந்த ஆண்டுதான் சேர்ன் ஆய்வுகூடத்தில் அகப்பட்டது. பையோனுக்குத் தற்சுழற்சி பூச்சியம். அதனால் எதிரெதிரே பறக்கும் இரண்டின் சுழற்சிகளும் ஒன்றையொன்று ஈடுசெய்தாக வேண்டும். நியூத்திரினோ இடக்கை என்றால் பொசித்திரனும் இடக்கை ஹெலிசிட்டியோடுதான் வர வேண்டும். மென்விசையோ எதிர்த்துணிக்கையை வலக்கைக் கைராலிட்டியில் மட்டுமே பிறப்பிக்கும். இந்த இரண்டு நிபந்தனைகளும் ஒரே துணிக்கையில் கூடுவதற்குத் திணிவு வேண்டும். கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் பறக்கும் பொசித்திரனுக்கு அது அரிதிலும் அரிது. பொசித்திரனைப் போல ஏறத்தாழ 207 மடங்கு திணிவுள்ள மியூவோன், ஒளி வேகத்தில் கால் பங்கை விடச் சற்றே கூடுதலாக நகர்கிறது. அதற்கு இது எளிது. கட்டுரை சொல்வது போல இரண்டும் எப்போதும் ஒன்றே என்றால், பையோன் இந்த இரண்டு வழிகளில் எதிலுமே சிதைய முடியாது!

நியூத்திரினோவுக்குத் திணிவில்லை என்று நம்பிய காலத்தில் இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் பெரிய பாதகமில்லை. 1998 இல் ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே ஆய்வு, நியூத்திரினோக்கள் தம் மூன்று வகைகளுக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றாக வகை மாறுவதற்குச் சான்று தந்தது. திணிவு இல்லாமல் அப்படி மாற முடியாது. 2015 இல் கஜிதாவுக்கும் மக்டொனால்டுக்கும் நோபல் பரிசு கிடைத்ததும் இந்த வகைமாற்றத்தைக் கண்டறிந்ததற்குத்தான். ஆகவே நியூத்திரினோவையும் கொள்கையளவில் முந்தலாம். முந்திச் செல்பவருக்கு அது வலக்கை ஹெலிசிட்டியோடு தெரியும். "நியூத்திரினோ எவருக்கும் எப்போதும் இடக்கையே" என்ற கட்டுரையின் முடிவு வரி இதனால் அடிபட்டுப் போகிறது.

வரும் ஞாயிறு இதழில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். கட்டுரையை எழுதியவரே பையோன் உதாரணத்தை எடுத்து விளக்கினால் இன்னும் நல்லது. அப்படியே படத்தையும் மாற்றிவிடுங்கள். அதில் நியூத்திரினோவுக்கும் எதிர்நியூத்திரினோவுக்கும் சுழற்சி அம்பு ஒரே பக்கம் வரையப்பட்டிருக்கிறது. எதிர்நியூத்திரினோவுக்கு அது பயணத் திசையை நோக்கி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.