பான்ஃப் போகிற மகளுக்கு

வெள்ளவத்தை

அன்பு மகளுக்கு,

ரொறன்ரோவை விட்டு, கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்து மலைக்குள் இருக்கிற பான்ஃபில் குளிர்காலம் முழுக்க வேலை செய்யப் போகிறாய் என்று கேட்டதிலிருந்து அப்பாவுக்குக் குளிரைப் பற்றித்தான் யோசனை. குளிர் உடுப்பால் தீர்கிற விஷயம். என் யோசனை நீ கையெழுத்து வைக்கப்போகிற தாளைப் பற்றியது. ஹோட்டல் ஒப்பந்தங்களோடும் ட்யூட்டி ரோஸ்டர்களோடும் காலம் தள்ளியவள் என்றபடியால் அங்கிருந்தே தொடங்குகிறேன். அப்பாவின் குளிர் பிறகு வரும்.

முதலில் உன் வேர்க் பெர்மிற். படிப்பு முடித்தவர்களுக்குத் தருகிற அந்தப் பெர்மிற் வாழ்நாளில் ஒருமுறைதான். அதில் ஐந்தாறு மாதத்தை மலையில் செலவழிப்பது தவறென்று சொல்லவில்லை, என்ன வேலையில் செலவழிக்கிறாய் என்பதைப் பார். நிரந்தர வதிவிடத்துக்குக் ‘கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ்’ வழியாகப் போவதென்றால், விண்ணப்பிக்கிற நாளுக்கு முந்திய மூன்று வருடத்துக்குள் ஒரு வருட வேலை காட்ட வேண்டும். அது 1,560 மணித்தியாலம். கிழமைக்கு 30 மணித்தியாலத்துக்கு மேல் எவ்வளவு முறிந்தாலும் 30 என்றுதான் எண்ணுவார்கள். அதோடு, வேலைகளைத் தரம் பிரிக்கக் கனடா வைத்திருக்கிற ‘டீர்’ பட்டியலில் அந்த வேலை 0, 1, 2, 3 என்ற நாலு வகுப்புக்குள் இருக்க வேண்டும். அறை துப்புரவு, கிச்சன் ஹெல்பர், பனிச்சறுக்கு லிஃப்றில் ஆள் ஏற்றுவது எல்லாம் டீர் 5. அந்தச் சீசன் முழுவதிலும் ஒரு மணித்தியாலம்கூடக் கணக்கில் ஏறாது. குக் வேலை டீர் 3. ரெஸ்ரோறன்ற் சூப்பர்வைசர் டீர் 2.

ஆகவே குசினிக்குப் போ. ஹவுஸ்கீப்பிங்கை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன் என்று உனக்குத் தெரியும், ஆனால் கனடாவின் பட்டியலை எழுதியது நானில்லை. இன்னொரு நன்மையும் உண்டு. அறை துப்புரவு காலை எட்டுக்குத் தொடங்கி வெளிச்சம் போகிற நேரத்தில் முடியும், லிஃப்ற் வேலை மலை திறந்திருக்கிற நேரம் முழுக்க. குசினியில் பின்னேரம் மூன்று மணி ஷிப்ற் கிடைத்தால் காலையில் நீ மலையில் நிற்கலாம், ஒரு நேரச் சாப்பாடும் அநேகமாக அங்கேயே கிடைக்கும். கடிதத்தில் பதவி ‘குக்’ என்று எழுதியிருக்கிறதா, செய்கிற வேலையும் சமையல்தானா என்று பார். குக் என்று எடுத்துவிட்டுச் சீசன் முழுக்கப் பாத்திரம் கழுவ விட்டால் அந்தப் பெயரால் பயனில்லை. பெர்மிற் தாளின் அடியில் உள்ள நிபந்தனைகளையும் வாசி. சிறுபிள்ளை பராமரிப்பு, பாடசாலை, சுகாதார வேலைகள் கூடாது என்று சிலருக்கு எழுதியிருக்கும். அப்படியிருந்தால் சின்னப் பிள்ளைகளுக்குச் சறுக்கல் பழக்குகிற வேலைக்கு விண்ணப்பிக்க முன் விசாரிக்க வேண்டும்.

அடுத்தது அறை. பான்ஃப் ஊர் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அங்கே வேலையோ தொழிலோ உள்ளவர்களும் அவர்கள் குடும்பமும்தான் பெரும்பாலும் குடியிருக்கலாம் என்று சட்டம். புது வீடு கட்டவும் கட்டுப்பாடு. அதனால் வாடகை அறை அருமை, முதலாளிமார் தாங்களே ஸ்ராஃப் ஹவுஸ் வைத்திருக்கிறார்கள். வசதிதான், ஆனால் வேலை போனால் அறையும் போகும். வெளியே –25 பாகை குளிர், கையில் இரண்டு பெட்டி. சீசனுக்கு வருகிற பிள்ளைகள் பிடிக்காத வேலையில் ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த அறைதான்.

கையெழுத்து வைக்க முன் இவற்றை ஈமெயிலில் கேள், பதிலும் ஈமெயிலில் வரவேண்டும். அறையில் எத்தனை பேர், நாளுக்கு என்ன வாடகை, சம்பளத்தில் கழிப்பார்களா. முற்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும். சமைக்க அடுப்பு இருக்கிறதா. சில ஸ்ராஃப் ஹவுஸில் மைக்ரோவேவ் மட்டும்தான். வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் வெளியேற வேண்டும். கிழமைக்குக் குறைந்தது எத்தனை மணித்தியாலம் தருவார்கள். கடைசிக் கேள்விக்கு ‘32 முதல் 40 வரை, பிஸினஸைப் பொறுத்து’ என்று பதில் வந்தால் 20 என்று எடுத்துக்கொள்.

ஏனென்றால் பனிமலையில் காசு சீராக வராது. லேக் லூயிஸ், சன்ஷைன் வில்லேஜ் என்ற பனிச்சறுக்கு மலைகள் நவம்பர் முற்பகுதியிலேயே திறந்துவிடும், ஆனால் விருந்தாளிகள் கூட்டமாக வருவது நத்தாருக்குத்தான். நடுவில் ஆட்களை எடுத்து வைத்துக்கொண்டு மணித்தியாலத்தைப் பிரித்துப் பிரித்துக் கொடுப்பார்கள். புதுவருடம் முடிந்ததும் மறுபடி ஒரு தொய்வு. பிறகு பெப்ரவரி ஃபமிலி டே நீண்ட வாரஇறுதி, மார்ச் பாடசாலை விடுமுறை. அல்பேர்ட்டாவின் குறைந்த சம்பளம் மணிக்கு 15 டொலர், 2018 ஒக்ரோபரில் வந்த தொகை. ஒன்ராறியோவில் நீ வாங்கிப் பழகியதைவிடக் குறைவு. கிழமைக்கு 20 மணித்தியாலம் என்றால் இரண்டு கிழமைக்கு 600. அறைக்கு நாளுக்கு 20 என்று பிடித்தால் 280 போகும். சி.பி.பி. என்கிற ஓய்வூதியக் கழிவு, ஈ.ஐ. என்கிற வேலையிழப்புக் காப்புறுதிக் கழிவு இரண்டும் நாற்பதுக்குக் கிட்ட. மிச்சம் 280, அதில்தான் சாப்பாடும் போனும். கடையில் ஒன்ராறியோவின் 13 சதவீத வரிக்குப் பதில் 5 சதவீதம் என்பது சின்ன ஆறுதல். எங்களுக்குக் காசு அனுப்பாதே. ஒரு மாத வாடகையும் ரொறன்ரோவுக்கு ஒரு பிளேன் ரிக்கெற்றும் எடுக்கிற தொகை பாங்கில் தொடாமல் கிடக்கட்டும். பிடிக்காத இடத்தை விட்டு எழும்பி வர உனக்கிருக்கிற சுதந்திரம் அந்தக் காசுதான்.

அல்பேர்ட்டா தொழில் சட்டத்தில் சிலவற்றைப் பாடமாக்கி வை. வேலைக்குக் கூப்பிட்டுவிட்டு விருந்தாளிகள் இல்லை என்று அரை மணித்தியாலத்தில் திருப்பி அனுப்பினால், வழமையான ஷிப்ற் மூன்று மணித்தியாலமோ கூடவோ உள்ளவர்களுக்குக் குறைந்த சம்பள விகிதத்திலாவது மூன்று மணித்தியாலச் சம்பளம் தர வேண்டும். பனிப்புயலில் பாதை மூடுகிற ஊரில் இது பெரிய விஷயம். நாளுக்கு எட்டு, அல்லது கிழமைக்கு 44 மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு. ‘சராசரி மணித்தியால ஒப்பந்தம்’ என்று தனித்தாள் நீட்டினால் மெதுவாக வாசி, அந்த எட்டு மணிக் கணக்கு அதில் மாறக்கூடும். வரி, சி.பி.பி., ஈ.ஐ. தவிர வேறெதைக் கழிப்பதற்கும் உன் எழுத்துச் சம்மதம் தேவை. வேலையில் பிழை விட்டாய் என்றோ, பலர் கைபட்ட கல்லாவில் காசு குறைந்தது என்றோ கழிக்கவே கூடாது. பாரில் மதுபானம் பரிமாறச் சொன்னால் ‘புரோசேர்வ்’ சான்றிதழ் வேண்டும், இணையத்திலேயே எடுக்கலாம்.

சுகாதார அட்டை மாகாணத்துக்கு மாகாணம் வேறு. வேறொரு மாகாணத்திலிருந்து குடிபெயர்ந்தால் அல்பேர்ட்டாவின் காப்பு பொதுவாக மூன்றாவது மாதத்தின் முதல் நாளில்தான் தொடங்கும். ஒன்ராறியோ அட்டை அதுவரை செல்லுமா என்று புறப்பட முன் கேட்டுவிடு. இடைவெளி விழுந்தால் தனியார் காப்புறுதி எடு, அதில் பனிச்சறுக்கு விபத்து அடங்குமா என்ற வரியைத் தேடு. அம்புலன்ஸுக்குத் தனிப் பில் வரும், அதுவும் நூற்றுக்கணக்கான டொலர்.

சரி, குளிர். ரொறன்ரோ குளிர் ஈரமானது, பான்ஃப் குளிர் காய்ந்தது. ஊர் 1,383 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, சன்ஷைன் இரண்டாயிரத்தைத் தாண்டும். நாலைந்து நாள் –30 பாகைக்கு இறங்கி நிற்கும் காலமும் வரும். உடம்போடு ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பொலியெஸ்டர், மேலே ஃபிளீஸ், அதற்கு மேலே காற்றும் நீரும் புகாத ஜக்கெற். பருத்தி பனியனை ரொறன்ரோவிலேயே விட்டுவிடு. குசினிச் சூட்டில் வியர்க்கும், பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெளியே வந்ததும் முதுகு உறையும். வேலை முடிந்து பஸ்ஸுக்குப் போகுமுன் உள்ளாடையை மாற்று. சப்பாத்தை ஒரு அளவு தளர்வாக எடுத்து, தடித்த கம்பளிச் சொக்ஸ் ஒரு சோடி போடு. இரண்டு சோடி திணித்தால் இரத்தம் ஓடாமல் விரல் இன்னும் கெதியாக விறைக்கும். விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட ஒரே பையாக உள்ளது சூடு. வீதியில் பனிக்கட்டி பூசினமாதிரிக் கிடக்கும், சப்பாத்துக்கு அடியில் மாட்டுகிற இரும்புப் பல் ஒரு சோடி வாங்கு. ஜக்கெற்றும் ஃபிளீஸும் பழையது வாங்கலாம். ஹெல்மெற் மட்டும் புதிது.

தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றி வைத்துவிட்டு வெளியே போ, உலோகம் குளிரைக் கடத்தும். மூக்கு நுனி, காது, விரல் நுனி மரத்து, நிறம் மங்கி மெழுகுபோல் ஆனால் உடனே உள்ளே போ. தேய்க்காதே, பனியால் ஒருபோதும் தேய்க்காதே, ஹீற்றரில் பிடிக்காதே. உணர்ச்சி இல்லாத தோல் சுட்டாலும் தெரியாது. 37 முதல் 39 பாகை வரையுள்ள தண்ணீரில் வை. திரும்பவும் உறையக்கூடிய இடத்தில் நின்றுகொண்டு சூடாக்குவது இன்னும் கெடுதி. கொப்புளம் வந்தால் ஊரிலுள்ள மினரல் ஸ்பிரிங்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போ.

எங்கள் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைத்துவிடாதே. புதுப் பனி மேலிருந்து வருகிற புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், நாடிக்குக் கீழும் மூக்குத் துவாரத்திலும்கூட எரியும். கண்ணாடி போடாமல் ஒரு பகல் நின்றால் இரவு கண்ணுக்குள் மணல் கொட்டினமாதிரி இருக்கும். மறுபக்கம், டிசம்பரில் பகல் எட்டு மணித்தியாலத்துக்குக் கிட்டத்தான், உடம்பு முழுக்க மூடியிருக்கும். விற்றமின் டி நாளுக்கு 600 அலகு என்பது கனடாவின் பரிந்துரை, அதை விடாதே.

காற்றுக் காய்ந்ததால் மூக்கில் இரத்தம் வரலாம். இரவில் ஈரத் துவாயைக் கதிரையில் விரித்துப் போடு, மூக்குக்குள் வாஸ்லின் தடவு. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும், போத்தலைச் சுடுநீரில் வைத்தெடுக்க நேரமில்லாவிட்டால் நல்லெண்ணெய் கொண்டு போ. மிளகாய்த்தூள், கறித்தூள், மாசிக் கருவாடு எல்லாம் ஸ்காபரோவிலேயே வாங்கிக் கட்டு. அந்த உயரத்தில் தண்ணீர் 95 பாகையளவில் கொதித்துவிடும், அதனால் பருப்பு வேக நேரமெடுக்கும். சின்னப் பிரஷர் குக்கர் ஒன்று இருந்தால் நல்லது. செத்தல் மிளகாய் தாளிக்க முன் ஜன்னலைத் திற. புகை அலாரம் அடித்துக் கட்டடம் முழுக்கப் பனியில் இறங்கி நின்றால் உன் பெயர் சீசன் முடியும்வரை மறக்காது. குளிர்தானே என்று மீன்கறிச் சட்டியைப் பல்கனியில் வைக்கவும் கூடாது. மிருகங்களை இழுக்கும், பூங்காச் சட்டப்படி குற்றம். வீதியில் எல்க் மான் நின்றால் 30 மீற்றர் தள்ளிப் போ, ஓநாய் என்றால் 100.

சறுக்கப் போகத்தானே போகிறாய். முதல் நாளே பாடத்துக்குக் காசு கட்டு, கூட்டாளி பழக்குவது வேண்டாம். கூட்டாளிக்கு நிற்கத் தெரியும், நிற்கப் பழக்கத் தெரியாது. ஸ்கியை வாடகைக்கு எடுக்கும்போது நிறையையும் திறமையையும் கூட்டிக் குறைத்துச் சொல்லாதே. விழும்போது சப்பாத்தை விடுவிக்கிற பைண்டிங்கை அந்தக் கணக்கில்தான் முடுக்குவார்கள், பிழையென்றால் முழங்கால் முறுகும். ஸ்னோபோர்ட் என்றால் மணிக்கட்டுக் காப்பு போடு, விழும்போது கையை விரித்து ஊன்றாமல் முட்டியாக மூடு. பச்சை வட்டம் இலேசு, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு டயமன்ட் உனக்கு இந்த வருடம் இல்லை. உனக்குக் கீழே போகிறவருக்குத்தான் வழியுரிமை. மரத்தைச் சுற்றிப் பனி பொத்தலாக இருக்கும், தலைகீழாக விழுந்தால் தானாக எழும்ப முடியாது, அதனால் மரங்களுக்குள் தனியே போகாதே. கயிறு கட்டி மூடிய இடத்தைத் தாண்டி வேறு பிள்ளைகள் போன தடம் தெரிந்தாலும் நீ போகாதே. அந்தக் கயிறு பெரும்பாலும் பனிச்சரிவுக்காகக் கட்டியது.

ஏப்ரலில் புறப்பட முன், பதவி, செய்த வேலைகள், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், சம்பளம், தொடங்கிய நாள், முடிந்த நாள் எல்லாம் எழுதி ஒப்பமிட்ட கடிதம் ஒன்றை நிறுவனத் தாளில் வாங்கு. மனேஜர்மாரும் சீசனோடு போய்விடுவார்கள், பிறகு தேடிப் பிடிக்க ஏலாது. அறையைப் புகும்போதும் விடும்போதும் படம் எடுத்து வை, முற்பணத்துக்கு அதுதான் சாட்சி. வருடச் சம்பளத்தையும் கழிவுகளையும் காட்டுகிற ரி4 என்ற வரித் தாள், இந்த வருடத்துக்கானது பெப்ரவரி முடிவுக்குள் வரும், அடுத்த வருடத்து மாதங்களுக்கானது அதற்கடுத்த பெப்ரவரியில். ஆகவே அவர்களிடம் ரொறன்ரோ விலாசத்தைக் கொடுத்துவிட்டு வா.

பான்ஃப் எங்களைவிடப் பன்னிரண்டரை மணித்தியாலம் பின்னால், மார்ச்சில் மணிக்கூட்டை மாற்றியபிறகு பதினொன்றரை. குசினி ஷிப்ற்றுக்குப் போகுமுன் கோல் எடுத்தால் இங்கே நடுச்சாமம், முடிந்து வந்து எடு. அப்பா அப்போது பத்திரிகையோடு இருப்பார்.

அன்புடன்,
அம்மா