கூத்து நடக்கும் ஊர்களுக்குப் பலகை நடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நம் வடாற்காடு பக்கம் எந்த ஊரில் எந்த ராத்திரி தெருக்கூத்து என்று தெரிந்துகொள்ள, இன்றைக்கும் சுவரொட்டியையும் தெரிந்தவர் வாய்ச்சொல்லையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. இதை மாற்ற முடியும் என்ற நம்பிக்கையை எனக்குக் கொடுத்தது அமெரிக்காவில் பார்த்த ஒரு சாலை.

வேலூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி தடங்களில் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவன் நான். மகன் வட கரோலினாவில் வேலை செய்கிறான். போன வருஷம் போயிருந்தபோது, அந்த ஊர் கன்ட்ரி மியூசிக் வளர்ந்த இடங்களுக்கெல்லாம் காரில் கூட்டிப்போனான். வர்ஜீனியாவின் தென்மேற்கு மலைப்பகுதியில் 'குரூக்கட் ரோடு' என்று 500 கிலோமீட்டருக்கு மேல் இசைக்கென்றே ஒரு வழித்தடம் இருக்கிறது. அதற்காகப் புதுச் சாலை எதுவும் போடவில்லை. இருக்கிற மலைச்சாலைகளில் பலகை நட்டு ஊர்களை இணைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஃபிளாய்டு என்ற சின்ன ஊரில் ஒரு பழைய கடை. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனால் கடைக்குள்ளேயே கச்சேரி. பிடிலும் பேஞ்சோவும் தொடங்கியதும் பெரியவர்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் மரத்தரையில் காலைத் தட்டி ஆடுகிறார்கள். ஹில்டன்ஸ் என்ற ஊரில், கன்ட்ரி பாட்டுக்குப் பேர்போன கார்ட்டர் குடும்பத்தின் பழைய மளிகைக் கடைக்குப் பக்கத்திலேயே சனிக்கிழமைதோறும் பாட்டு. பிரிஸ்டல் ஊரை நான் மறக்க மாட்டேன். 1927-இல் ரால்ஃப் பீர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து, அந்தக் கார்ட்டர் குடும்பத்தையும் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸையும் முதன்முதலாகப் பதிவு செய்தது அங்கேதான். அந்தக் கட்டடம் இன்று இல்லை. ஆனாலும் அது இருந்த இடத்தில் அடையாளம் வைத்திருக்கிறார்கள்.

டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் 1892-இல் பிரார்த்தனைக் கூடமாகக் கட்டிய ரைமன் அரங்கத்தை, 1974-இல் அங்கே நடந்துவந்த கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி பாட்டு வானொலி நிகழ்ச்சி வேறு இடம் போனபின் இடித்துவிடவே பார்த்தார்களாம். எதிர்ப்பு கிளம்பியதால் தப்பித்தது. 1994-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். ரைமன் மேடையிலிருந்து வட்டமாக அறுத்தெடுத்த பலகையைப் ஆப்ரி போன புது அரங்கின் மேடையில் பதித்திருக்கிறார்கள். பாடுகிறவர் அதன்மேல் நின்று பாடுகிறார். நம் கூத்துக்காரர்கள் களரியைத் தொட்டுக் கும்பிட்டு ஆட இறங்குவதுதான் எனக்கு நினைவு வந்தது.

நம்மிடம் என்ன குறை? ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயில். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் ஏறும் நாளிலும், மண்ணில் கிடத்திய துரியோதனனை வீமன் அடிக்கும் படுகளத்தன்றும் சுற்றுப்பட்டு ஜனமே திரண்டு நிற்கும். செய்யாறு பக்கத்துப் புரிசையில் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடும் குடும்பம் இருக்கிறது. அதில் வந்த கண்ணப்ப தம்பிரான் பெயர் கடல் தாண்டிப் போயிற்று. ஆனால் நான் வண்டி ஓட்டிய காலம் முழுக்க, அதைச் சொல்லும் ஒரு பலகையைச் சாலையில் பார்த்ததில்லை. ராத்திரி பஸ் நடையில் கூத்து முகவீணை சத்தம் கேட்டு, டிக்கெட் எடுத்த ஊருக்கு முன்னாடியே இறங்கிக்கொண்ட பயணிகளை எனக்குத் தெரியும். ஜனங்களுக்கு ஆசை இருக்கிறது, தகவல்தான் போய்ச் சேரவில்லை.

பழைய வடாற்காட்டிலிருந்து பிரிந்த வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து இதைச் செய்யலாம். தை மாதமே கோயில்காரர்களிடம் தேதி வாங்கி, அட்டவணை அச்சடித்துப் பேருந்து நிலையங்களில் ஒட்டுங்கள். படுகளத்தன்று கூடுதல் பேருந்து விடுங்கள். அப்புறம், குடிநீரும் பெண்களுக்குக் கழிப்பறையும் கட்டாயம் வேண்டும். சுற்றுலா என்ற பேரில் கூத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்கச் சொல்லாதீர்கள். அது விடிய விடிய நடப்பது, வருகிறவர்கள் அதற்குத் தயாராக வரட்டும். ஜமா என்கிற கூத்துக் குழுக்களின் வாத்தியார்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, வரும் பங்குனிக்குள் முதல் பலகையைப் புரிசைக்குப் பிரியும் இடத்தில் நட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

– ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
சத்துவாச்சாரி, வேலூர்.